ஐரிஷ் செத்துப்போச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடி மீஹாலைப் பத்தி தெரிஞ்சுக்கங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அயர்லாந்துல கால்வே பக்கம் இருக்கேன், 2008ல வந்தேன், அப்போலேர்ந்து டெலிவரி வேன் ஓட்டுறதுதான் வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் உங்க பேப்பரை ஆன்லைன்ல ஒரு தடவை பார்த்துட்டுதான் படுப்பேன், அதுலயும் வாசகர் கடிதம்தான் முதல்ல. தாய்மொழியைப் பத்தி எப்போ பேச்சு வந்தாலும் யாராச்சும் ஒருத்தர் "அயர்லாந்தைப் பாருங்க, தனி நாடு வாங்கியும் அவங்க பாஷையைக் காப்பாத்த முடியல, ஐரிஷ் செத்துப்போச்சு"ன்னு எழுதிடுறாங்க. ரெண்டு மூணு தடவை படிச்சுட்டு விட்டுட்டேன், இனிமே விட மனசு வரல, ஏன்னா நான் தினமும் அந்த மொழியைக் கேட்டுக்கிட்டுதான் வேன் ஓட்டுறேன். செத்த மொழி காலையில நியூஸ் வாசிக்காது, யார் வீட்டுல சாவுன்னு ஊருக்குச் சொல்லாது, மேட்சுக்கு கமெண்ட்ரி கொடுக்காது. அந்த கமெண்ட்ரியிலேயே வாழ்ந்த மீஹால்ங்கிற ஒரு மனுஷனைப் பத்தி சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல இருக்குற நிலைமையை மறைக்காம சொல்லிடுறேன். 2022 சென்சஸ்ல ஐரிஷ் பேசத் தெரியும்னு சொன்னவங்க 18,73,997 பேர், அதாவது பத்துல நாலு பேர். ஆனா ஸ்கூல் காலேஜை விட்டுட்டு, வெளியில தினமும் அதைப் பேசுறவங்க 71,968 பேர்தான். அவ்வளவுதான், ஒரு சின்ன டவுன் ஜனத்தொகை. 1845லேர்ந்து வந்த உருளைக்கிழங்கு பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிட்டாங்க, அதுல பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ஏழைங்க, ஐரிஷ் பேசுன ஜனங்க. அதுக்கு முன்னாடியே 1831ல வந்த பள்ளிக்கூடத் திட்டம் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்லதான் பாடம் நடத்துச்சு. அடி பலமாத்தான் விழுந்திருக்கு, அதை யாரும் இல்லைன்னு சொல்லல. செத்துப்போச்சுங்கிற வார்த்தையைத்தான் என்னால தாங்க முடியல.

நான் டெலிவரிக்குப் போற ரூட் கொனமாரா. மலை, ஏரி, கல்லு வேலி, ஆடு, அப்புறம் மறுபடியும் கல்லு வேலி. அந்தப் பகுதிக்குள்ள நுழைஞ்சதும் சைன் போர்டுல ஊர்ப் பேரு ஐரிஷ்ல மட்டும்தான் இருக்கும், இந்த மாதிரி ஐரிஷ் பேசுற ஏரியாவுக்கு கேல்டாக்ட்னு பேரு. வந்த புதுசுல வேன் ரேடியோவுல மத்த ஸ்டேஷன் எல்லாம் மலைக்கு நடுவுல கரகரன்னு போயிடும், ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் கணீர்னு வரும், என்ன பாஷைன்னே எனக்குத் தெரியல, தொண்டையிலேர்ந்து வர்ற சத்தத்தைக் கேட்டு அரபின்னு நினைச்சேன். அதுதான் ராடியோ ந கேல்டாக்ட்டா, முழுக்க ஐரிஷ்ல பேசுற ஸ்டேஷன். ஒரு வார்த்தை புரியாம ஆறு மாசம் கேட்டிருக்கேன், வேற வழி இல்லாமத்தான் முதல்ல, அப்புறம் பழகிப்போச்சு. அதுல எனக்கு முதல்முதல்ல புரிஞ்ச ரெண்டு வார்த்தை கூல், கூலீன். ஹர்லிங்னு மட்டையால பந்தை அடிக்கிற ஐரிஷ் ஆட்டம் ஒன்னு இருக்கு, அந்த மேட்ச் கமெண்ட்ரியில வர்றது. கூல்னா கோல், மூணு பாயின்ட். கூலீன்னா பந்து கம்பத்துக்கு மேல போறது, ஒரு பாயின்ட். கமெண்ட்ரி பண்றவர் குரல் ஏறுற ஏத்தத்தை வச்சே எது விழுந்துச்சுன்னு சொல்லிடுவேன்.

அப்போ எனக்கு சாமான் இறக்கிக் கொடுக்க உதவி பண்ற ஒரு பெரியவர்தான் சொன்னார், உனக்கு கமெண்ட்ரி பிடிக்கும்னா நீ மீஹாலைக் கேட்கணும்டான்னு. மீஹால் ஓ முரிஹர்ட்டி. பேரைச் சரியா சொல்றதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அவர் ஞாயித்துக்கிழமை அரசாங்க ரேடியோவுல பேசுவார், பெரும்பாலும் இங்கிலீஷ்லதான், ஆனா நடுவுல நடுவுல ஐரிஷ் தானா வந்து விழும், அர்த்தம் சொல்ல மாட்டார், நிறுத்த மாட்டார், பந்து எங்க போகுதோ அவர் வார்த்தையும் அங்க போகும். இப்போ 80 வயசு ஆகப்போகுதுன்னு அந்தப் பெரியவர் சொன்னப்போ நான் நம்பல. அந்தக் குரல் இருபத்தஞ்சு வயசுப் பையன் குரல்.

கதையை ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். 1930 ஆகஸ்ட் 20ல கெர்ரி மாவட்டத்துல டிங்கிள் டவுனுக்குப் பக்கத்துல டூன் ஷீன்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவர், விவசாயக் குடும்பம். மைக்கேல் மோரியார்ட்டின்னுதான் சின்ன வயசுல பேரு. 1945ல கார்க் மாவட்டத்துல பாலிவூர்னியில ஒரு காலேஜுக்குப் போனார், வாத்தியார் வேலைக்குப் பசங்களைத் தயார் பண்ற இடம், அங்க எல்லாமே ஐரிஷ்லதான். அங்கதான் மைக்கேல் மோரியார்ட்டி மீஹால் ஓ முரிஹர்ட்டி ஆனது. பதினஞ்சு வயசுல பேரோட சேர்ந்து ஒரு மொழியும் முழுசா உள்ள இறங்கிடுச்சு. அப்புறம் 1948ல டப்ளின்ல செயின்ட் பேட்ரிக்ஸ் காலேஜ்ல டீச்சர் ட்ரெய்னிங்.

1949 மார்ச்ல ரேடியோக்காரங்க ஐரிஷ்ல கமெண்ட்ரி சொல்ல ஆள் தேடுனாங்க. காலேஜ் பசங்களை எல்லாம் குரோக் பார்க் ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு ஹர்லிங் மேட்ச் நடக்குற நேரத்துல ஆளுக்கு அஞ்சு நிமிஷம் மைக்கைக் கொடுத்தாங்க. இதுல என்ன விசேஷம்னா மீஹால் அதுவரைக்கும் வாழ்க்கையில ஹர்லிங் மேட்சே பார்த்தது கிடையாது, கெர்ரி முழுக்க ஃபுட்பால் ஊரு, அதாவது கையாலயும் காலாலயும் ஆடுற ஐரிஷ் ஃபுட்பால். மைதானத்துல அவருக்குத் தெரிஞ்ச ஆள் ஒரே ஒருத்தன்தான், டிங்கிள்ல படிச்ச பையன், கோல் கீப்பரா நின்னுக்கிட்டிருந்தான். மார்க் போடுறவங்களுக்கோ மேட்ச் கண்ணுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். மீஹால் என்ன பண்ணார்னா, மைக் கைக்கு வந்ததும் அந்தக் கோல் கீப்பர் ஒரு பயங்கரமான ஷாட்டைத் தடுத்துட்டான்னு ஆரம்பிச்சார், தடுத்த பந்து பல கெஜம் பறந்து சைடு லைனைத் தாண்டிப் போச்சு, எதிர் டீம்காரன் மேல பட்டுப் போனதால இந்த டீமுக்குத்தான் பந்து, அதை அடிக்க யாரு வர்றான்னு பார்த்தா அதே கோல் கீப்பர்! நடக்காத மேட்சை முழுக்க ஐரிஷ்ல, மூச்சு விடாம. இதைப் பின்னாடி அவரே பல தடவை சந்தோஷமா சொல்லியிருக்கார். வேலை அவருக்குத்தான் கிடைச்சது, கொஞ்ச நாள்லயே மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்னைக்கு ரெயில்வே கப் ஃபைனலுக்கு ஐரிஷ்ல கமெண்ட்ரி. வயசு 18.

இந்தச் சம்பவத்தை இங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, எனக்கு அதைக் கேட்கும்போது வேற ஒன்னுதான் மனசுல நிக்குது. ஒரு மொழி உயிரோட இருக்கான்னு பார்க்க லைவ் கமெண்ட்ரியை விட பெரிய டெஸ்ட் கிடையாது. கவிதை எழுதுறவன் ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் உட்காரலாம், அரசாங்க ஆர்டரை மொழிபெயர்க்குறவன் அகராதியைப் புரட்டலாம், நியூஸ் வாசிக்கிறவங்க கையில பேப்பர் இருக்கும். ஹர்லிங்ல ரெண்டு பக்கமும் பதினஞ்சு பதினஞ்சு பேர், ஆஷ் மரத்துல செஞ்ச மட்டை, அந்தச் சின்னப் பந்து கிரவுண்டுல ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலைக்கு கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிடும், அடிச்சது யாரு, எந்தக் கையால அடிச்சான், காத்து எந்தப் பக்கம், எல்லாத்தையும் அந்த நொடியிலேயே சொல்லியாகணும். அதுக்கு வார்த்தை நாக்கு நுனியில இருக்கணும், மனசுக்குள்ள இங்கிலீஷ்ல யோசிச்சு மாத்திக்கிட்டிருந்தா பந்து போயிடும். 18 வயசுப் பையன் 1949ல அதைப் பண்ணியிருக்கான், அதுவும் பார்த்தே இராத ஆட்டத்துக்கு.

அதுக்கப்புறம் உடனே பெரிய ஸ்டார் ஆயிட்டார்னு நினைக்காதீங்க. முப்பது வருஷத்துக்கு மேல டப்ளின்ல ஸ்கூல் வாத்தியார்தான், எக்கனாமிக்ஸ், அக்கவுண்டன்சி, ஐரிஷ் எல்லாம் எடுத்திருக்கார். வாரம் பூரா சாக்பீஸ், லீவு நாள்ல மைக். பெரிய ஃபைனல் கமெண்ட்ரி எல்லாம் அப்போ மைக்கேல் ஓஹேர்ங்கிற ஜாம்பவான் இங்கிலீஷ்ல சொல்வார், அதுக்கு முன்னாடி நடக்குற சின்னப் பசங்க மேட்ச், மைனர்னு சொல்லுவாங்க, அதைத்தான் இவர் ஐரிஷ்ல சொல்வார். நல்லா யோசிச்சுப் பாருங்க, அந்த மைனர் மேட்ச் நேரத்துல ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு ஐரிஷ் அரைகுறைதான். ஆனா தன் மாவட்டத்துப் பையன் ஆடுறான், ஸ்கோர் தெரியணும், அதனால காது கொடுத்துக் கேட்டாங்க. ஸ்கூல்ல கட்டாயப் பாடமா படிச்சு வெறுத்துப் போனவங்க கூட இவர் வாயால ஐரிஷைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க. என் வேன்ல எனக்கு நடந்ததும் அதேதான், கூல், கூலீன்.

1985ல ஓஹேருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு, அதுக்கப்புறம் பெரிய மேட்ச் எல்லாம் மீஹால் கைக்கு வந்தது. 1980கள்லதான் வாத்தியார் வேலையை விட்டுட்டு முழு நேர ரேடியோ மனுஷன் ஆனார். இதுக்கு நடுவுல கெர்ரி டீம்ல டப்ளின்ல தங்கியிருந்த ஃபுட்பால் பிளேயர்களுக்கு இவர்தான் ட்ரெய்னிங் கொடுத்தார், அப்படி இருந்தும் மைக்கைப் பிடிச்சா கெர்ரி பக்கம் சாய்ஞ்சார்னு எந்த மாவட்டத்துக்காரனும் குறை சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு பிளேயர் பேரைச் சொன்னா அவன் எந்த ஊரு, அப்பா எந்த டீம்ல ஆடுனார், மாமா என்ன பண்றார் வரைக்கும் சொல்வார், கேட்குறவங்க ஒவ்வொருத்தருக்கும் அவர் நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கும்.

இந்த இடத்துல ராடியோ ந கேல்டாக்ட்டா ஸ்டேஷன் கதையையும் சொல்லணும். அயர்லாந்துல ரேடியோ தொடங்குனது 1926 ஜனவரி 1, அன்னைக்கு டக்ளஸ் ஹைட் பேசுன பேச்சுலயே ஐரிஷ் இருந்தது, அவர் பின்னாடி 1938ல நாட்டோட முதல் ஜனாதிபதி ஆனவர். அப்படி முதல் நாளே ஐரிஷ் ஒலிச்சும் கேல்டாக்ட் ஜனங்களுக்குன்னு ஒரு ஸ்டேஷன் ரொம்ப காலம் கிடைக்கல. அவங்களுக்கு வேண்டியது அவங்க ஊரு நியூஸ், அவங்க பேச்சுல. 1969ல கொனமாரா இளைஞர்கள் ஒரு உரிமை இயக்கம் ஆரம்பிச்சாங்க, 1970 ஈஸ்டர் சமயத்துல ரோஸ் முக்ங்கிற ஊர்லேர்ந்து லைசென்ஸ் இல்லாமலேயே ஒரு ரேடியோவை ஓட்டிக் காட்டிட்டாங்க. எங்களால முடியும், நீங்க ஏன் பண்ணலன்னு கேட்ட மாதிரி. ரெண்டே வருஷத்துல, 1972 ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு அரசாங்கமே ராடியோ ந கேல்டாக்ட்டாவைத் தொடங்கிடுச்சு. கொனமாராவுல காஸ்லாங்கிற ஊர்ல தலைமை ஸ்டூடியோ, வடக்குல டொனிகால் மாவட்டத்துல ஒன்னு, கெர்ரியில டிங்கிளுக்கு அந்தப் பக்கம் ஒன்னு. ஆரம்பத்துல நாளுக்குச் சில மணி நேரம்தான், 2001லேர்ந்து 24 மணி நேரமும். காஸ்லா வழியா போறப்போ அந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன், பெருசா ஒன்னும் இல்ல, ஆனா எனக்கு அது கோயில் மாதிரிதான்.

ஐரிஷ்ல பெரிய வட்டார வழக்கு மூணு, நம்ம ஊர்ல ஜில்லாவுக்கு ஜில்லா தமிழ் மாறுற மாதிரி. நல்லா இருக்கீங்களான்னு கேட்கவே கெர்ரியில கொனஸ்னு ஆரம்பிப்பாங்க, கொனமாராவுல கே ஹீன்னு, டொனிகால்ல குஜே மர்னு. ரேடியோ வந்த புதுசுல டொனிகால்காரன் பேசுறது கெர்ரிக்காரனுக்குப் பிடிபடலன்னு நிறைய குறை இருந்ததாம், கேட்டுக் கேட்டுத்தான் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் பழகியிருக்கு. யாரும் யார் பேச்சையும் மாத்தச் சொல்லல, பொதுவா ஒரு புத்தக ஐரிஷ்ல பேசுங்கன்னு கட்டாயப்படுத்தல. இன்னைக்கும் காலையில நியூஸ் முடிஞ்சதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவங்கவங்க நிகழ்ச்சி இருக்கு, சாவு அறிவிப்பு வாசிக்கிறாங்க, மீன் பிடிக்கிற ஆளுக்கிட்ட பேட்டி எடுக்கிறாங்க, ரோடு குழியைப் பத்தி சண்டை போடுறாங்க. டப்ளின்ல 1993லேர்ந்து ராடியோ ந லிஃபா இருக்கு, பெல்ஃபாஸ்ட்லயும் ஒரு ஐரிஷ் ரேடியோ இருக்கு, ரெண்டும் ஐரிஷ் பேச ஆசைப்பட்டவங்க ஆரம்பிச்சது. டிவிக்கு 1996லேர்ந்து தனி சேனல் வந்துடுச்சு. 2022 ஜனவரி 1லேர்ந்து ஐரோப்பிய யூனியன்ல ஐரிஷுக்கு மத்த மொழிங்களுக்கு இருக்குற முழு அந்தஸ்து. அது நல்ல விஷயம்தான், ஆனா என்னைக் கேட்டா பிரஸ்ஸல்ஸ்ல மொழிபெயர்க்குற பேப்பரை விட காஸ்லாவுல வாசிக்கிற சாவு அறிவிப்புதான் பெருசு.

மீஹால் சொன்னதுலேயே எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்றது கார்க் டீமோட ஷான் ஓக் ஓ ஹால்ப்பீனைப் பத்தினது. அப்பா ஃபெர்மனா மாவட்டம், அம்மா ஃபிஜி நாடு, ரெண்டும் ஹர்லிங்குக்குப் பேர் போன ஊரு இல்லன்னு. கேட்டவங்க எல்லாரும் ரசிச்ச வரி அது, அதுல துளி ஏளனம் கிடையாது, எங்கேர்ந்தோ வந்த பையன் நம்ம ஆட்டத்தை இப்படி ஆடுறானேங்கிற பூரிப்புதான். அதே ஷான் ஓக் 2005ல கார்க் கேப்டனா, மாவட்ட டீம்ங்க மோதுற ஆல் அயர்லாந்து கப்பைத் தூக்கிட்டு குரோக் பார்க்ல அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி பேசுன பேச்சு முழுக்க ஐரிஷ். ஃபிஜிக்காரத் தாய்க்குப் பொறந்த பிள்ளை. வெளிநாட்டுலேர்ந்து வந்த என்னை மாதிரி ஆளுக்கு அதைக் கேட்குறப்போ கண்ணுல தண்ணி வராம எப்படி இருக்கும், என் பொண்ணும் இங்க ஸ்கூல்ல ஐரிஷ் படிக்கிறா, வீட்டுல தமிழ், ரோட்டுல இங்கிலீஷ், அவளுக்கு மூணும் சண்டை போட்டுக்கிறது இல்ல.

2010 செப்டம்பர் 16, ரிட்டையர் ஆகப்போறேன்னு மீஹால் அறிவிச்சார். மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் ஃபைனல், கார்க் மாவட்டமும் டவுன்னு பேரு இருக்குற இன்னொரு மாவட்டமும். நான் அன்னைக்கு டெலிவரி இல்லாமலேயே வேனை எடுத்துக்கிட்டுப் போய் ஏரிக்கரையில நிறுத்திட்டு ரேடியோவைப் போட்டேன், வீட்டுல டிவி இருந்தும். கார்க் 16, டவுன் 15, ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். இதுதான் அவரோட கடைசி ஆல் அயர்லாந்து ஃபைனல்னு நாட்டுக்கே தெரியும், அவர் மட்டும் அதைப் பத்தி அலட்டிக்காம பந்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். 1949லேர்ந்து 2010 வரைக்கும், 61 வருஷம். பையனா ஐரிஷ்ல ஆரம்பிச்ச ஆளு, 80 வயசுலயும் ஐரிஷ் வார்த்தை நாக்குலேர்ந்து அதே மாதிரி துள்ளி விழுந்துச்சு.

2024 ஜூன் 25ல டப்ளின்ல காலமானார், 93 வயசு. அன்னைக்கு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் வேன்ல ராடியோ ந கேல்டாக்ட்டாதான் ஓடிச்சு. பதினாறு வருஷத்துல எனக்கு ஐரிஷ் பாதி புரியுற அளவுக்கு வந்திருக்கு, ஆனா அன்னைக்கு புரியாத பாதியும் புரிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு ஆரம்பத்துல அவர் பேரைச் சொன்ன பெரியவர் அதுக்கு முன்னாடியே போயிட்டார், இல்லன்னா அவர் வீட்டு வாசல்ல வேனை நிறுத்தியிருப்பேன்.

ஆசிரியர் சார், உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிறு மலர்ல உலக மொழிகளைப் பத்தி எழுதுறப்போ அயர்லாந்துன்னா அழிவுன்னு மட்டும் போட்டுடாதீங்க. ஐரிஷ் ஆபத்துல இருக்குன்னு எழுதுங்க, அது உண்மை. ஆனா கூடவே லைசென்ஸ் இல்லாம ரேடியோ ஓட்டுன ரோஸ் முக் பசங்களையும், நடக்காத மேட்சை ஐரிஷ்ல நடத்திக் காட்டுன டூன் ஷீன் பையனையும் எழுதுங்க. "செத்துப்போச்சு"ன்னு எழுதுற வாசக நண்பர்களுக்கும் சொல்றேன், ராடியோ ந கேல்டாக்ட்டா இன்டர்நெட்ல காசு இல்லாமலேயே வருது, ஜூலையில ஹர்லிங் ஃபைனல் அன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுக் கேளுங்க. கூல்னா மூணு, கூலீன்னா ஒன்னு. ஸ்கோர் உங்களுக்கே புரிஞ்சிடும்.

இப்படிக்கு,
கால்வேலேர்ந்து உங்க வாசகன் ஒருத்தன்